டிங்கிக் காய்ச்சலும் உடம்பில் உள்ள உப்பும்



டிங்கிக் காய்ச்சல் நம் நாட்டுக்குப் புதிதல்ல. இரத்தக்கசிவோடு கூடிய கடுமையான டிங்கி 1962-இல் பினாங்கில் கண்டறியப்பட்டது. நம் லாயாங் லாயாங் வட்டாரத் தோட்டங்களிலும் மழைநீர் தேங்கும் வாளி, பழைய டயர், தேங்காய்ச் சிரட்டை எல்லாம் ஏடிஸ் கொசுவுக்கு வீடுதான்.

"காய்ச்சல் விட்டுப் போச்சு, நாளைக்குப் பெரட்டுக்குப் போயிடலாம்" என்று பலர் நினைக்கிறார்கள். ஆபத்து அங்கேதான் இருக்கிறது! பெரும்பாலும் 3-ஆம் நாளுக்குப் பிறகு காய்ச்சல் இறங்கும். அந்தச் சமயத்தில்தான் சிலருக்கு இரத்தக் குழாயிலிருந்து நீர் கசிகிறது. அடுத்த 24 முதல் 48 மணி நேரம் மிகவும் கவனம் தேவை.

நம் இரத்தத்தில் சோடியம், பொட்டாசியம் என்னும் உப்புகள் கரைந்துள்ளன. சோடியம் ஒரு லிட்டருக்கு 135 முதல் 145 மில்லிமோல் இருக்க வேண்டும். மூளையும் நரம்பும் சரியாக வேலை செய்ய இது வேண்டும். பொட்டாசியம் இதயத் துடிப்புக்கும் தசைக்கும் வேண்டும். நோயாளி வாந்தி எடுக்கிறார், சாப்பிடுவதில்லை, பச்சைத் தண்ணீரை மட்டுமே குடிக்கிறார் என்றால் என்ன ஆகும்? குழம்பில் தண்ணீரை மட்டும் ஊற்றிக்கொண்டே போனால் உப்புச் சப்பில்லாமல் போவதைப் போல இரத்தத்தில் சோடியம் குறைகிறது. முதலில் தலைவலி, சோர்வு. பிறகு பேச்சில் தடுமாற்றம். மிகவும் குறைந்தால் வலிப்பும் நினைவிழப்பும் வரும். சோடியம் குறைந்த நோயாளிகளுக்கு நோய் கடுமையாவது டிங்கியிலும் 2020-இல் வந்த கோவிட் நோயிலும் காணப்பட்டது.

"ஆஸ்பத்திரியில் ஏன் ஓயாமல் இரத்தம் எடுக்கிறார்கள்?" என்று சலித்துக்கொள்ளாதீர்கள். இரத்தம் கெட்டிப்படுகிறதா, தட்டணுக்கள் குறைகின்றனவா, உப்பு சரியாக உள்ளதா என்று பார்த்துத்தான் டாக்டர் மருந்து நீர் ஏற்றுகிறார்.

நீங்கள் செய்ய வேண்டியவை:

1. உப்புப் போட்ட கஞ்சி, சூப், பால், பழரசம், உப்புச் சர்க்கரைக் கரைசல் ஆகியவற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி குடியுங்கள். கரைசல் பொட்டலம் கிடைக்காவிட்டால், கொதித்து ஆறிய 1 லிட்டர் தண்ணீரில் 6 தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் தலைதட்டி அளந்து கரையுங்கள். உப்பைக் கூட்டாதீர்கள்.

2. சிறுநீரகம், இதயம் பழுதுபட்டவர்கள் டாக்டரைக் கேட்காமல் இளநீரோ கரைசலோ குடிக்கக் கூடாது.

3. காய்ச்சலுக்குப் பாராசித்தமோல் போதும். ஆஸ்பிரின் வேண்டவே வேண்டாம். இரத்தக் கசிவை அதிகமாக்கும்.

4. ஓயாத வாந்தி, வயிற்றுவலி, ஈறில் இரத்தம், மயக்கம், 6 மணி நேரமாகச் சிறுநீர் இல்லாமை, இவற்றில் ஒன்று கண்டாலும் நேரே குளுவாங் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள். விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

ஒரு நாள் சம்பளம் போய்விடுமே என்று அஞ்ச வேண்டாம். 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி டாக்டர் தரும் எம்.சி.க்குச் சம்பளம் உண்டு. அது சலுகையல்ல, உங்கள் உரிமை. உடம்பு தேறிய பிறகு வேலைக்குப் போகலாம். உயிர் போனால் திரும்பாது!