மேற்றளமும் மேற்பார்வையும்

உணவு, உடை, உறையுள் என்னும் மூன்றும் மக்கள் வாழ்விற்கு இன்றியமையாதன என்பதை அறியாதார் இலர். அவற்றுள் உணவை நாடோறும் ஆராய்ந்து உண்கின்றோம். உடையைக் கிழிந்தவிடத்துத் தைத்துக்கொள்ளுகின்றோம். உறையுளின் தரையைக் காலையும் மாலையும் பெருக்குகின்றோம். சுவருக்குப் பொங்கல்தோறும் வெள்ளையடிக்கின்றோம். வெயிலையும் மழையையும் முதற்கண் தாங்கி நிற்கும் கூரையையோ, அது ஒழுகினாலன்றி நிமிர்ந்து நோக்குவதில்லை. ஆனால் ஒழுகத் தொடங்கிய கூரை அன்றுதான் பழுதுற்றதன்று. பல திங்களாக, சில வீடுகளிற் பல்லாண்டுகளாக, நோயுற்றிருந்த கூரையே அது. அந்நோயின் குறிகளை முன்னரே கண்டறியும் வகையை, எம் ஊராகிய அம்பத்தூரின் வீடுகளைக்கொண்டு ஈண்டு விளக்கப் புகுகின்றோம்.

அம்பத்தூரைத் தேர்ந்தது ஊர்ப்பற்றினால் மட்டுமன்று. ஏரியும் வயலும் சூழ்ந்த சிற்றூராயிருந்த இது, 1964-ஆம் ஆண்டில் தொழிற்பேட்டை அமைந்தபின் நகரமாக வளர்ந்து, 2011-இல் சென்னை மாநகராட்சியோடு இணைந்தது. பழமையும் புதுமையும் இவ்வாறு அருகருகே நிற்றலால், பழைய தெருவொன்றினின்று புறப்பட்டுத் தொழிற்பேட்டைவரை நடப்பவர், ஓடு வேய்ந்த வீடு, மரத்தின்மேற் செங்கல் அடுக்கிய மதராஸ் தளம், இரும்புக்கம்பியிட்ட கான்கிரீட்டுத் தளம், ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் வேய்ந்த கொட்டகை என்னும் நால்வகைக் கூரைகளையும் ஒரு காலைப்பொழுதிற் கண்டுவிடலாம். வகை நான்காயினும் பகை ஒன்றே. அது நீர்.

அந்நீரின் அளவை முதலிற் கணக்கிட்டுப் பார்ப்போம். சென்னை வட்டாரத்தில் ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 140 செண்டிமீட்டர் மழை பெய்கின்றது. அதிற் பாதிக்கு மேற்பட்டது ஐப்பசி முதல் மார்கழி வரையுள்ள வடகிழக்குப் பருவத்திற் பெய்வதே. 1000 சதுர அடி பரப்புள்ள ஒரு மேற்றளத்தின்மீது 10 செண்டிமீட்டர் மழை பெய்தால், அதன்மேல் விழும் நீர் ஏறத்தாழ 9,300 லிட்டர். நிறையாகக் கூறின், ஒன்பது டன்னுக்கு மேல். 2015 டிசம்பர் முதல் நாளிற் பெய்த பெருமழையில், பூந்தமல்லிக்கு அணித்தாயுள்ள செம்பரம்பாக்கத்தில் 24 மணி நேரத்திற்குள் 47 செண்டிமீட்டர் பதிவாயிற்று. அத்தகைய மழை மேற்கூறிய மேற்றளத்திற்கு 43,000 லிட்டருக்கு அதிகமான நீரைக் கொணரும். அவ்வளவும் வெளியேறுதற்கு நாம் வைத்திருக்கும் வழியோ, அரைச் சாண் அகலமுள்ள தூம்பு ஒன்று அல்லது இரண்டு.

இவ்விடத்தில் எம் இல்லத்து நிகழ்ச்சியொன்றைக் கூறுதல் பொருந்தும். அதில் எமக்குப் பெருமை ஒன்றுமில்லை. எம் இல்லம் முப்பத்தைந்து ஆண்டுகட்குமுன் கட்டிய கான்கிரீட்டு வீடு. ஒரு மழைக்காலத்தின்பின், படிக்கும் அறையின் மேல்மூலையில் உண்கலத்தின் அளவிலே மஞ்சள் நிறக் கறையொன்று தோன்றிற்று. பொங்கலுக்கு வெள்ளையடித்தபோது அது மறைந்தது. மறுவாண்டு அதே இடத்திற் சற்றுப் பெரிதாய் மீண்டும் தோன்றிற்று. யாமும் மீண்டும் வெள்ளையடித்தோம். மூன்றாம் ஆண்டு, கார்த்திகைத் திங்களில் ஒரு நண்பகற்போதில், அவ்விடத்துக் காரை கான்கிரீட்டுத் துண்டுகளோடு பெயர்ந்து கீழே கிடந்த மேசையின்மேல் வீழ்ந்தது. அந்த மேசையில்தான் எம் தமக்கை மகள் நாடோறும் மாலையில் அமர்ந்து பாடம் எழுதுவாள். அன்று அவள் பள்ளியினின்று திரும்ப இன்னும் மூன்று மணி நேரம் இருந்தது.

வரவழைக்கப்பட்ட முதிய கொத்தனார், காரை பெயர்ந்த இடத்தை ஒருமுறை பார்த்துவிட்டு, "ஐயா, முதலில் மாடிக்கு வழி காட்டுங்கள்" என்றார். மேலே சென்று நோக்கினால், தூம்பின் வாயை வேப்பஞ்சருகும், எக்காலத்தோ பிள்ளைகள் தொலைத்த இரப்பர்ப் பந்தொன்றும் அடைத்திருந்தன. மேற்றளம் முழுதும் கணுக்காலளவு நீர் நின்றது. அவர் குனிந்து பந்தை எடுத்தார்; சிறிது நேரத்தில் நீர் வடிந்துவிட்டது. மேலே கூறிய ஒன்பது டன் கணக்கை யாம் போட்டுப் பார்த்தது அன்றிரவுதான். மூன்றாண்டாக யாம் கறைக்குச் சுண்ணாம்பு பூசிக்கொண்டிருந்தோமேயன்றி, ஒரு நாளேனும் மாடிப்படி ஏறிப் பார்த்தோமில்லை.

கான்கிரீட்டு நோயுறும் முறையை அறிந்தால் அதன் குறிகள் எளிதில் விளங்கும். கான்கிரீட்டினுள் இரும்புக்கம்பி துருப்பிடியாதிருத்தற்குக் காரணம் சிமெண்டின் காரத்தன்மையாகும். அடிப்புறத்தில் அக்கம்பியை மூடியிருக்கும் கான்கிரீட்டின் கனம் ஏறத்தாழ முக்கால் அங்குலமே. காற்றிலுள்ள கரியமிலவாயு பல்லாண்டுகளில் உட்புகுந்து அக்காரத்தை மெல்லமெல்லக் குறைக்கின்றது. அதனோடு மேலிருந்து கசியும் நீரும் கூடினால் கம்பி துருவேறுகின்றது. துருவானது தான் பிறந்த இரும்பைக் காட்டிலும் இரண்டு முதல் ஆறு மடங்குவரை மிகுதியான இடத்தைக் கொள்ளும். இடமில்லாத இடத்திற் பருக்கும் அத்துரு, கான்கிரீட்டை உள்ளிருந்து பிளக்கின்றது. முதலிற் கம்பியின் போக்கிலேயே மயிரிழை போன்ற வெடிப்பு நேர்கோடாகத் தோன்றும். அடுத்து அக்கோட்டின்வழியே செம்பழுப்பு நிறம் இறங்கும். பின்னர், நீண்ட கழியொன்றால் மெல்லத் தட்டினால் ஏனைய இடங்களிற் கணீரென்னும் ஒலி அங்கே மட்டும் பொள்ளலாய்க் கேட்கும். அதற்கு அடுத்தபடி வீழ்ச்சிதான். மேற்பூச்சு மட்டும் உதிர்ந்திருப்பின் பெரிதும் அஞ்சவேண்டா. கம்பி கண்ணுக்குத் தெரிந்துவிட்டால், கொத்தனார் மட்டும் போதார். கட்டடப் பொறியாளர் ஒருவரை அழைத்துக் காட்டுதல் வேண்டும். துருவை முற்றச் சுரண்டியெடாமல் அதன்மேற் சிமெண்டை அப்புதல், புண்ணைக் கழுவாமற் கட்டுதலை ஒக்கும்.

இனி, மதராஸ் தளத்தைப் பற்றிச் சிறிது விரிவாகக் கூற விரும்புகின்றோம். அது நம் சென்னையின் பெயரையே தாங்கியிருத்தலோடு, வல்லாரை இழந்து வருதலும் அதற்குக் காரணம். தேக்கு முதலிய மரச்சட்டங்களை நெருக்கமாக வைத்து, அவற்றின்மேல் மெல்லிய சிறு செங்கற்களை நெட்டாக நிறுத்திச் சாய்வரிசையில் அடுக்கிச் சுண்ணாம்புக் காரையாற் பிணைப்பர். அதன்மேற் செங்கற்சல்லியும் சுண்ணாம்பும் கலந்து பரப்பி, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரைத் தெளித்து, பெண்டிர் வரிசையாய் அமர்ந்து மரக்கட்டைகளாற் பல நாள் அடித்து இறுகச் செய்வர். எல்லாவற்றிற்கும் மேலே தட்டோடு பதிப்பர். கோடையிலும் இதன்கீழ் அறை குளிர்ந்திருக்கும். சேப்பாக்கம் அரண்மனையைச் சார்ந்த ஹுமாயூன் மகாலை அண்மையிற் பொதுப்பணித்துறையினர் புதுப்பித்தபோது, அப்பழைய சுண்ணாம்புக் காரையையே கையாண்டனர்.

இத்தகைய தளத்திற்கு வீட்டுக்காரர் செய்யும் தீங்கு இருவகையது. ஒன்று, தட்டோட்டின் இடுக்குகளில் வெடிப்புக் கண்டவிடத்துச் சிமெண்டை அடைத்தல். சுண்ணாம்பு சிறிது நெகிழ்ந்து கொடுப்பது. உள்ளிருக்கும் ஈரத்தை வெளிவிடுவது. சிமெண்டோ விறைத்து நிற்பது. ஆதலின், அடைத்த இடத்திற்குப் பக்கத்திலேயே மறுவெடிப்பு உண்டாகி, புகுந்த நீர் திரும்ப வழியின்றி மரத்தைச் சென்றடைகின்றது. மற்றொன்று, ஒழுகுந்தோறும் பழைய தளத்தைப் பெயர்த்தெடாமல், அதன்மேலேயே புதுத் தளம் போடுதல். மூன்று அங்குலக் கனமுள்ள சல்லிக்காரை 1000 சதுர அடிக்குப் பத்து டன்னுக்கு மேல் நிறையுடையதாகும். தாத்தா காலத்தில் ஒருமுறையும், தந்தை காலத்தில் ஒருமுறையும், தம் காலத்தில் ஒருமுறையும் இவ்வாறு போட்ட வீடுகளை யாமே கண்டிருக்கின்றோம். அம்மரச்சட்டங்கள் என் செய்யும்? மரம் முதலில் இறுவது நடுவிலன்று. சுவருக்குள் புதைந்திருக்கும் அதன் நுனியில். ஆகையால் சட்டத்தின் நுனியைக் கூர்மையான ஆணியாற் குத்திப் பார்த்தல் வேண்டும். ஆணி எளிதில் இறங்கினால் மரம் உளுத்தது.

ஓட்டு வீட்டைப் பற்றி நீள உரைக்க வேண்டுவதில்லை. 1865-இல் மங்களூரிற் பாசெல் மிஷன் சங்கத்தார் தொடங்கிய ஓட்டுத் தொழிற்சாலையாற் பரவிய மங்களூர் ஓடு, ஒன்றோடொன்று கவ்வுமாறு அமைந்ததாதலின், ஓர் ஓடு உடைந்தால் அதனை மட்டும் மாற்றலாம். உடைந்த ஓட்டைக் கண்டறியப் பகலில் அறைக் கதவுகளைச் சாத்திவிட்டு உள்ளிருந்து மேலே நோக்குக. வெளிச்சம் புகும் துளை வழியே மழையும் புகும். பூனையும் குரங்கும் ஓடிய வழியில் ஓடுகள் விலகியிருக்கும். முகட்டோட்டின் காரை வெடித்துள்ளதா என்பதையும், சுவரில் கறையான் மண்கோடு ஏறியுள்ளதா என்பதையும் பார்த்துக்கொள்ளுதல் போதும்.

ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் வேய்ந்த கொட்டகைகளோ உயிருக்கே ஊறு செய்ய வல்லன. 2016 டிசம்பர் 12-ஆம் நாள் வர்தா புயல் சென்னைக்கருகிற் கரையேறியபோது, கொக்கி போல்ட்டுகள் துருவேறித் தளர்ந்திருந்த தகடுகளே முதலிற் பறந்தன. ஆகவே அவற்றின் மரைகளையும் அடியிலுள்ள வாஷர்களையும் ஆண்டுதோறும் சோதித்தல் வேண்டும். ஆனால் அதற்காகத் தகட்டின்மேற் கால் வைத்தல் கூடவே கூடாது. நாட்பட்ட தகடு ஓர் ஆளின் நிறையைத் தாங்காது. திடீரென உடைந்து ஆளைக் கீழே தள்ளிவிடும். தாங்கு சட்டங்களின் குறுக்கே பலகையிட்டு, இடுப்பிற் கயிறு பூண்டு ஏறுதலே முறை. அத்தகட்டை அறுத்தலாலும் துளையிடுதலாலும் எழும் நுண்ணிய நார்த்துகள் நுரையீரலுட் சென்று, பல்லாண்டுகட்குப் பின் புற்றுநோயை விளைக்கும் என்பதையும் அத்தொழிலாளர்க்கு யாரேனும் எடுத்துச் சொல்லுதல் வேண்டும். பெரும்பாலும் ஒருவரும் சொல்வதில்லை.

மேற்பார்வைக்கு உரிய காலம் யாது? பருவமழை பெரும்பாலும் அக்டோபர்த் திங்களின் மூன்றாம் வாரத்திற் தொடங்குவதால், ஆவணியிலேனும் புரட்டாசியின் முற்பகுதியிலேனும் ஒருமுறை ஏறுக. பழுது கண்டால் அதனைச் செப்பனிட அப்போதுதான் நாள் இருக்கும். மழை தொடங்கியபின் கொத்தனாரும் கிடையார், காரையும் காயாது. தை பிறந்தபின் மழையின் விளைவைக் காண மற்றொருமுறை ஏறுக. இவ்விரண்டினும் சிறந்தது, முதற் பெருமழை விட்டவுடன் ஏறிப் பார்த்தலாகும். நீர் எங்கே தேங்குகின்றது என்பதை வேறெந்நாளும் அவ்வளவு தெளிவாகக் காண இயலாது. தளத்திற்கு 15 அடி நீளத்திற்கு 3 அங்குலமேனும் சரிவு இருத்தல் நலம். சரிவில்லாத தளத்தின்மீது, இக்காலத்து விற்கும் நீர்புகாப் பூச்சு எதனைப் பூசினும் அது இரண்டு மூன்று கோடைகளுக்குமேல் நில்லாதென்பது எம் கருத்து. பாசி படர்ந்த தளம் வழுக்குமாதலால் முதியோரும் சிறுவரும் ஏறாதிருப்பாராக.

மேலே காணவேண்டுவன பல. தூம்பின் வாய், கைப்பிடிச்சுவர் தளத்தோடு கூடும் மூலை, தண்ணீர்த் தொட்டியின் அடி, குளிர்சாதனப் பெட்டி, தொலைக்காட்சிக் கிண்ணம், சூரியஒளி மின்தகடு ஆகியவற்றைப் பொருத்துதற்காகத் தளத்தில் இட்ட துளைகள். காக்கை எச்சத்தினின்று முளைக்கும் அரசங்கன்றையும் ஆலங்கன்றையும் ஈரிலைப் பருவத்திலேயே வேரோடு பிடுங்கிவிடுதல் வேண்டும். வேர் சுவருட் புகுந்தபின் மேலே மட்டும் வெட்டுதலாற் பயனில்லை. அது மீண்டும் தழைக்கும், வேரும் பருக்கும். கீழே வந்து, வெடிப்பின் இரு முனைகளிலும் பென்சிலாற் குறியிட்டு நாளையும் எழுதி வைக்க. மூன்று திங்கள் கழித்து வெடிப்பு அக்குறியைத் தாண்டியிருந்தால் அது வளர்கின்றது என்று பொருள். தாண்டாதிருந்தால் அமைதியாக உறங்கலாம்.

குறியை உணர்தலால் விளையும் பயன் இத்துணை என்பதற்குச் சான்று தேடி நெடுந்தொலைவு செல்லவேண்டுவதில்லை. 2021 டிசம்பர் 27-ஆம் நாள் காலை, திருவொற்றியூர் அரிவாக்குளத்தில் 24 வீடுகளைக்கொண்ட அடுக்குமாடிக் குடியிருப்பொன்று முழுதும் இடிந்து வீழ்ந்தது. ஆயினும் ஓர் உயிரும் போகவில்லை. வெடிப்புகள் விரிவதைக் கண்ட குடிகள் முன்னரே வெளியேறியிருந்தனர். அதற்குப் பத்து நாள் முன்னர், டிசம்பர் 17 அன்று, திருநெல்வேலியில் பள்ளியொன்றின் கழிப்பறைச் சுவர் இடிந்து மூன்று மாணவர்கள் உயிரிழந்தனர். அதன்பின்னரே மாநிலமெங்கும் பள்ளிக் கட்டடங்களை ஆய்ந்து, பழுதுற்றவற்றை இடிக்குமாறு அரசு ஆணையிட்டது. இவை கூரையின் பழுதுகள் அல்லவெனினும், கல்லூரியிற் பயிலும் நம்மனோர் தத்தம் வகுப்பறையின் மேற்புறத்தையும் விடுதியின் மேற்புறத்தையும் ஒருமுறை நிமிர்ந்து நோக்கி, கண்டதை உரியவர்க்கு எழுத்தில் தெரிவித்தல் மிகையாகாது.

மற்றொரு செய்தியும் உண்டு. 2003-ஆம் ஆண்டு முதல் தமிழ்நாட்டிற் கட்டடந்தோறும் மழைநீர் சேகரிப்பு அமைப்பு இருத்தல் வேண்டுமென்பது சட்டம். எனவே மாடித் தூம்பின் வழியே இறங்கும் நீரே கிணற்றையும் நிலத்தடி ஊற்றையும் சென்று சேர்கின்றது. 2019-ஆம் ஆண்டுக் கோடையிற் குடத்தோடு லாரிக்குக் காத்துநின்றவர்கள் அந்நீரின் அருமையை மறந்திரார். தூம்பு அடைபட்டால் தளத்தைக் கெடுக்கும் நீரே, திறந்திருந்தாற் கிணற்றை நிரப்புகின்றது.

இவ்வாண்டு புரட்டாசி முதல் ஞாயிற்றுக்கிழமையன்று எம் வீட்டு மேற்றளத்தின்மேல் ஏறினோம். தமக்கை மகளும் துடைப்பத்தோடு உடன் வந்தாள். தூம்பின் வாயில் மீண்டும் வேப்பஞ்சருகு கூடியிருந்தது. பந்து ஒன்றும் இல்லை. மேற்குக் கைப்பிடிச்சுவரின் மூலையில் ஈரிலை விட்ட அரசங்கன்று ஒன்று நின்றது. அவளே அதைப் பிடுங்கி எறிந்தாள். அறைமூலையிற் சென்ற ஆண்டு யாம் இட்ட பென்சிற் குறியை வெடிப்பு இன்னும் தாண்டவில்லை.