டிஸ்க் பிரேக்கா? ரிம் பிரேக்கா?

(இரண்டாமாண்டு இயந்திரவியல் மாணவன், எட்டயபுரம்)



எங்கள் அப்பா சைக்கிளில் கேன் கட்டிப் பால் ஊற்றுபவர். ஐப்பசி மழையில் கண்மாய்க்கரை இறக்கத்தில் பிரேக் பிடிக்காமல் விழுந்துவிட்டார். முழங்கையில் காயம், பால் முழுக்க மண்ணில். அன்று ராத்திரி கேட்டார்: "ஏலே, நீ மிஷின் படிப்புதானே படிக்கிற? தம்பி டிஸ்க் பிரேக் சைக்கிள் கேக்கான். அது நெசமாவே நல்லாப் பிடிக்குமா, சும்மா பவுசுக்கா?" எங்கள் வீட்டில் முதன்முதலாகப் படிக்க வந்தவன் நான். தெரியாது என்று சொல்ல மனசு வரவில்லை.

பிரேக்கின் வேலை

ஓடும் வண்டியின் இயக்க ஆற்றலை உராய்வினால் வெப்பமாக்குவதே பிரேக். அப்பா, சைக்கிள், பால் எல்லாம் சேர்த்து 120 கிலோ என்போம். வேகம் மணிக்கு 18 கி.மீ., அதாவது வினாடிக்கு 5 மீட்டர். ½ × 120 × 5² = 1500 ஜூல். வேகம் இரண்டு மடங்கானால் ஆற்றல் நான்கு மடங்கு!

ரிம் பிரேக்

கட்டை ரிம்மைப் பிடிக்கும் இடம் அச்சிலிருந்து சுமார் 30 செ.மீ. தூரம். 160 மி.மீ. டிஸ்க்கில் அது சுமார் 7.5 செ.மீ.தான். திருப்புத்திறன் என்பது விசை × தூரம் அல்லவா? ஆகவே அதே அளவு நிறுத்த, டிஸ்க்கில் நான்கு மடங்கு உராய்வு விசை வேண்டும். கணக்குப்படி ரிம் பிரேக்குக்கே லாபம். ஆனால் மழையில், நனைந்த இரும்பு ரிம்மில் ரப்பர் வழுக்கும். சக்கரம் சில சுற்றுச் சுற்றி ஈரம் துடைபட்ட பிறகே பிடிக்கும். நம்ம கரிசல் சகதி ஒட்டினால் கேட்கவே வேண்டாம். ரிம் கோட்டமானாலும் கட்டை உரசும்.

டிஸ்க் பிரேக்

இங்கிலாந்தின் லான்செஸ்டர் 1902-லேயே காருக்காகக் காப்புரிமை பெற்றது இது. தகடு அச்சுக்குப் பக்கத்தில் உயரமாக இருப்பதால் சகதி அவ்வளவு எட்டாது. கடினமான பேடுகள் பலமாக அழுத்துவதால் ஈரத்திலும் உடனே பிடிக்கும். குறைகள்? விலையும் எடையும் கூடுதல். தகட்டில் எண்ணெய் பட்டால் பிடிப்பு போய்விடும். ஹப், போர்க் எல்லாம் அதற்கென்றே இருக்க வேண்டும். பழைய சைக்கிளில் சும்மா மாட்ட முடியாது. கேபிள் வகையை ஊர்க்கடையிலேயே சரி பண்ணலாம். ஆயில் வகைக்குத் தனிக் கருவி வேண்டும்.

எந்த பிரேக் ஆனாலும் கடைசியில் தரையைப் பிடிப்பது டயர்தான். டயர் வழுவழுத்துப் போனால் இரண்டுமே வீண்.

என் முடிவு

அப்பாவின் சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தேன். பிரேக் கட்டை தேய்ந்து கல்லாக இறுகியிருந்தது. குற்றம் ரிம் பிரேக்கின் மேல் அல்ல, பராமரிப்பின் மேல்! புதுக் கட்டை போட்டு, கோட்டம் எடுத்துக் கொடுத்தேன். மழையில் இறக்கத்துக்கு முன்பே பிரேக்கை லேசாகப் பிடித்து ஈரத்தைத் துடைக்கச் சொன்னேன். சகதியில் பள்ளிக்கூடம் போகும் தம்பிக்கு, புதுசு வாங்கும்போது கேபிள் டிஸ்க்.

"இதுக்குத்தான் படிக்கணுங்கிறது" என்றார் அப்பா. நண்பர்களே, இன்று வீட்டுக்குப் போனதும் உங்கள் அப்பாவின் சைக்கிள் பிரேக் கட்டையை ஒருமுறை தொட்டுப் பாருங்கள்!