கடைக்குப் போகும் முன் கொல்லையைப் பாருங்கள்

வீட்டுத் தோட்டம் என்று பேச்செடுத்தாலே இப்போது எல்லோரும் பர்ஸைத்தான் முதலில் திறக்கிறார்கள். பச்சைப் பை, தென்னைநார்க் கட்டி, கலர்ப் படம் போட்ட விதைப் பாக்கெட், பாட்டிலில் அடைத்த பஞ்சகவ்யம். சென்னையில் நாலாவது மாடியில் குடியிருப்பவருக்கு வேறு வழி கிடையாது. வத்திராயிருப்புக்காரருக்கு அந்தச் செலவு எதற்கு? மேற்கே மலை, பிளவக்கல் அணை, கண்மாய்ப் பாசனம், சுற்றிலும் நெல்லும் தென்னையும், தெருவுக்கு ஒன்றிரண்டாவது தொழுவம். தோட்டத்துக்கு வேண்டியதில் முக்கால்வாசி வாய்விட்டுக் கேட்டாலே கிடைத்துவிடும். இரண்டு சென்ட் கொல்லை, நாலைந்து பேர் குடும்பம், கையில் கொஞ்சம் பணம் என்ற கணக்கில் சொல்கிறேன். கூமாப்பட்டி, மகாராஜபுரம், சுந்தரபாண்டியம் பக்கத்துக்கும் இது பொருந்தும்.

செய்ய வேண்டியவை

வீட்டுத் தண்ணீர் எங்கே போகிறது என்று முதலில் பாருங்கள். பாத்திரம் கழுவுகிற தண்ணீரும் குளிக்கிற தண்ணீரும் ஓடுகிற வழியில் வாழை வையுங்கள். புழக்கடையில் வாழை வைப்பது நம் வீடுகளில் பழைய ஏற்பாடுதான். இடையில் காரைச் சாக்கடை வந்துதான் அது கெட்டது. வாழைக்குக் கொஞ்சம் தள்ளிச் சேம்பு வைக்கலாம். பச்சையாகத் தின்கிற எதையும் அந்த ஓட்டத்தில் வைக்க வேண்டாம். அரிசி கழுவிய தண்ணீரை மட்டும் தனியாகப் பிடித்து வைத்து, கறிவேப்பிலைக்கும் கத்தரிக்கும் ஊற்றுங்கள்.

தேங்காய் உரிமட்டையை அடுப்புக்கு மட்டும் என்று ஒதுக்காதீர்கள். கன்று வைக்கிற குழியில் நாலைந்து மட்டையைக் குழிந்த பக்கம் மேலே பார்க்கப் பரப்பி, மேலே மண் போட்டு நட்டால், சித்திரை வெயிலில் வேரடி சீக்கிரம் காயாது. செடியைச் சுற்றி மூடாக்காகவும் போடலாம். கயிறு திரிக்கும் இடங்களில் குவிந்து கிடக்கும் நார்க்கழிவை மட்டும் அப்படியே அள்ளி வந்து போடக்கூடாது. அதில் உள்ள துவர்ப்புச் சத்து இளஞ்செடிக்கு ஆகாது. சாணக் கரைசல் தெளித்து, மாதக்கணக்கில் மட்க விட்டுத்தான் எடுக்க வேண்டும்.

சாணத்தை நன்றாக மட்க வைத்துப் போடுங்கள். பால்கோவாவுக்குப் பேர்போன வட்டாரம் இது. 2019-ல் புவிசார் குறியீடே கிடைத்துவிட்டது. மாடு இருக்கிற ஊரில் எருவுக்குப் பஞ்சமில்லை. ஆனால் எருக்குழியில்தான் தென்னையைத் துளைக்கும் காண்டாமிருக வண்டு முட்டையிடுகிறது. வெள்ளை வெள்ளையாகச் சுருண்டு கிடக்கும் தடித்த புழு அதன் பிள்ளைதான். மாதம் ஒருமுறை குழியைக் கிளறிப் போட்டால் கோழி பொறுக்கிக்கொள்ளும். உங்கள் கொல்லை எருவில் வளர்கிற வண்டு அடுத்தவர் தோப்புக்குப் பறக்கும் என்பதால், இது தோட்டக் காரியம் மட்டுமில்லை, அக்கம்பக்கத்து உறவும் இதில் இருக்கிறது.

வேலியையே மூலிகையாக வையுங்கள். ஆடாதோடையையும் நொச்சியையும் ஆடு கடிக்காது. இரண்டுமே குச்சி ஒடித்து ஊன்றினால் மழைக்காலத்தில் துளிர்க்கும், காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை. இடையிடையே பிரண்டையையும் முடக்கத்தானையும் ஏற்றிவிடுங்கள். சளிக்கு ஆவி பிடிக்க நொச்சி, துவையலுக்குப் பிரண்டை, தோசை மாவுக்கு முடக்கத்தான். சும்மா நிற்கிற வேலிக்கு இவ்வளவு வேலை. தூதுவளைக்கு முள் உண்டு, அதை நடைபாதையிலிருந்து தள்ளி வையுங்கள். கற்பூரவள்ளியும் துளசியும் அடுக்களை வாசலில் இருக்கட்டும், ராத்திரி குழந்தை இருமும்போது டார்ச் எடுத்துக்கொண்டு கொல்லைக் கடைசிக்குப் போக முடியாது. கீழாநெல்லியை நட வேண்டாம், மழை பெய்தால் தானே முளைக்கும். களை எடுக்கும்போது அடையாளம் தெரிந்து விட்டுவைத்தால் போதும்.

பட்டத்தைக் காற்றோடு சேர்த்துக் கணக்குப் பாருங்கள். ஆடியில் விதை என்பது சரிதான். ஆனால் நம் பக்கம் ஆடியில் மலையிலிருந்து இறங்கும் காற்று சும்மா விடாது. அவரை, பூசணி, சுரை, பீர்க்கு இவற்றை ஆடியில் ஊன்றலாம், தரையோடு தரையாக இருக்கும்போது காற்று ஒன்றும் செய்யாது. முருங்கை, பப்பாளி, கொய்யா, எலுமிச்சை போன்றவற்றைப் புரட்டாசி கடைசியிலோ ஐப்பசியிலோ வையுங்கள். நமக்கு மழையில் பெரும்பங்கு வடகிழக்குப் பருவத்தில்தான். அந்த மழையிலேயே கன்று வேர் பிடித்துக்கொள்ளும், குடம் சுமக்க வேண்டாம்.

அவரையைப் பற்றி இன்னொன்று. பழைய கொடியவரை பகல் குறுகினால்தான் பூக்கும். ஆவணியில் கொடி பந்தல் முழுக்கப் படர்ந்து ஒரு பூகூட இல்லை என்று பிடுங்கிப் போட்டவர்கள் உண்டு. கார்த்திகை, மார்கழி வரை பொறுங்கள். தையில் தெருவுக்கே கொடுக்கலாம். அசுவினி வந்தால் காலைப் பனி ஈரத்தில் அடுப்புச் சாம்பல் தூவினால் பெரும்பாலும் அடங்கும். பந்தலுக்கு மூங்கில் வாங்காதீர்கள். விருதுநகர் மாவட்டத்தில் சீமைக்கருவேலக் கம்புக்கா குறைச்சல்?

காசு செலவழிக்க வேண்டிய இடத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். அது பழக்கன்றுதான். கொய்யாவைப் பதியன் கன்றாக வாங்கினால் இரண்டாம் வருஷமே காய் பார்க்கலாம். மாவுக்கு இடம் இருந்தால் ராஜபாளையம் பக்கத்துச் சப்பட்டை ஒட்டுக்கன்று ஒன்று போதும். ஒட்டுப்போட்ட இடம் மண்ணுக்கு மேலே தெரிய வேண்டும், அதற்குக் கீழே துளிர்ப்பதை உடனே கிள்ளிவிட வேண்டும். இல்லாவிட்டால் சப்பட்டை செத்து, அடிக்கன்று மட்டும் செழித்து நிற்கும். இரண்டு சென்ட்டில் மா வைத்தால் பத்து வருஷம் கழித்துக் கத்தரிக்கு வெயில் கிடைக்காது என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள். நானாக இருந்தால் எலுமிச்சையோடு நிறுத்திக்கொள்வேன்.

நாட்டுப் பப்பாளிக்குக் காசே வேண்டாம். நல்ல பழத்து விதையின் வழுவழுப்பைச் சாம்பலில் தேய்த்து எடுத்து நாற்றுவிட்டு, குழிக்கு மூன்று நாற்று வையுங்கள். பூத்த பிறகுதான் ஆண், பெண் தெரியும். நீளக் காம்பில் கொத்தாகத் தொங்குவது ஆண் பூ. தோட்டத்துக்கு ஒரே ஒரு ஆண் மரத்தை வைத்துக்கொண்டு மற்ற ஆண் மரங்களை வெட்டிவிடலாம்.

அரசு கொடுப்பதைக் கேட்டு வாங்குங்கள். 2025 ஜூலையில் தொடங்கிய தமிழ்நாடு ஊட்டச்சத்து வேளாண்மை இயக்கத்தில் காய்கறி விதைத் தொகுப்பும், பப்பாளி, கொய்யா, எலுமிச்சைக் கன்றுத் தொகுப்பும் முழு மானியத்தில் என்று அறிவித்தார்கள். ஆதார் அட்டையோடு வட்டாரத் தோட்டக்கலை அலுவலகத்தில் விசாரியுங்கள். இருப்பு இல்லையென்றால் அடுத்து எப்போது வரும் என்று கேட்டு, பெயரைப் பதிந்துவிட்டு வாருங்கள். முருங்கை விதை வேண்டுமானால் பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி கொடுத்த பிகேஎம்-1 என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். விதை ஊன்றி ஆறேழு மாதத்தில் காய்த்துவிடும் செடிமுருங்கை அது. மரமுருங்கைதான் ருசி என்பவர்கள் பக்கத்து வீட்டில் ஒரு போத்து கேட்டு வாங்கி ஊன்றுங்கள்.

செய்யக்கூடாதவை

சதுரகிரியிலிருந்து செடி பிடுங்கி வராதீர்கள். ஆடி அமாவாசைக்கு மலையேறிவிட்டுத் திரும்பும்போது பையில் ஒரு மூலிகை இல்லாமல் இறங்கினால் சிலருக்கு மனசு ஆறாது. அந்த மலை 2021 முதல் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகத்துக்குள் இருக்கிறது. அங்கிருந்து செடி எடுப்பது குற்றம். மலைக் குளிர்ச்சியில் வளர்ந்தது வத்திராயிருப்பு வெயிலில் பெரும்பாலும் பிழைப்பதும் இல்லை. சித்தர் மலைச் செடி என்று யாராவது காசுக்கு விற்றாலும் வாங்க வேண்டாம்.

ஒரே நாளில் ஒரு பாக்கெட் கீரை விதையையும் கொட்டிவிடாதீர்கள். சிறுகீரை மூன்று நாலு வாரத்தில் பறிப்புக்கு வந்து நிற்கும். இரண்டு நாள் தின்பீர்கள், மிச்சம் முற்றிவிடும். பத்து நாளைக்கு ஒரு பாத்தி, அதுவும் கை அகலத்துக்கு. விதையை மணலோடு கலந்து தூவி, பாத்தியைச் சுற்றி ஒரு பிடி நொய்யரிசி போட்டால் எறும்பு அதை இழுத்துக்கொண்டு போகும், விதை தப்பும்.

வீட்டில் யாரும் தின்னாததை நடாதீர்கள். இதற்கு விளக்கம் வேண்டாம்.

கலப்பின விதையில் காய்த்ததிலிருந்து விதை எடுத்து வைக்காதீர்கள். அடுத்த தடவை அதே காய் வராது. நாட்டுக் கத்தரியிலும் மிளகாயிலும் எடுங்கள், நிழலில் காயவைத்துச் சாம்பல் கலந்து வையுங்கள். கத்தரி ஓய்ந்ததும் பிடுங்கவும் வேண்டாம். அடியில் ஒரு ஜாண் விட்டு வெட்டி, எரு போட்டு, தண்ணீர் விட்டால் மறுபடி துளிர்த்துக் காய்க்கும். ஒரே நாற்றில் இரண்டு வெள்ளாமை.

கறிவேப்பிலையை இலை இலையாக உருவாதீர்கள். கொழுந்தோடு சேர்த்துக் கிளையை ஒடித்தால்தான் பக்கக்கிளை வரும். உருவிய குச்சி மொட்டையாக நிற்கும்.

முருங்கையை ஓட்டு வீட்டை ஒட்டி வைக்காதீர்கள். கிளை லேசாக ஒடியும். மழைக்காலத்தில் கம்பளிப்பூச்சி அடை அடையாக இறங்கும். குழந்தைகள் விளையாடுகிற இடத்தில் அரளியும் ஊமத்தையும் வேண்டாம், பூ அழகாக இருந்தாலும் சரி.

மயிலுக்கும் பன்றிக்கும் மின்வேலியோ விஷமோ வைக்காதீர்கள். அடிவாரத்தில் இருக்கிறோம், அவை வரத்தான் செய்யும். மயில் நாற்றைக் கொத்துகிறதா, முதல் இரண்டு வாரம் பழைய சேலையாலோ மீன்வலையாலோ பாத்தியை மூடுங்கள். கள்ள மின்வேலி பன்றியை மட்டும் பார்த்துக் கொல்லாது, ராத்திரி ஒதுங்கப் போகிற மனிதரையும் கொல்லும். சட்டப்படியும் சிறைதான்.

பருத்திக்கு வாங்கி மிஞ்சிய மருந்தை வெண்டிக்கு அடிக்காதீர்கள். இதைத்தான் நம் பக்கம் அதிகம் சொல்ல வேண்டியிருக்கிறது. வெண்டியை ஒருநாள் விட்டு ஒருநாள் பறிக்கிறோம். மருந்தின் வீரியம் குறைவதற்குள் அது குழம்புக்கு வந்துவிடும். வேப்பெண்ணெயைக் கொஞ்சம் காதி சோப்புக் கரைசலில் கலந்து சாயங்காலம் தெளியுங்கள். இலை நரம்பு மஞ்சளித்துவிட்டால் எந்த மருந்தும் கேட்காது, செடியைப் பிடுங்கி எரித்துவிடுங்கள். காலி மருந்து டப்பாவை எத்தனை தடவை கழுவினாலும் பூவாளியாக்காதீர்கள். பழைய பெயிண்ட் வாளியின் மூடியில் ஆணியால் ஓட்டை போட்டுக்கொண்டால் போதும்.