விண்ணப்பம் வரைதலும் தமிழ்ப்பணியே

கல்விக்கு ஈவது நிலைத்த அறம் என்பர் ஆன்றோர். உத்தமபாளையத்தில் 1956ஆம் ஆண்டு ஹாஜி கருத்த ராவுத்தர் ஹௌதியா கல்லூரி தோன்றியதும் அவ்வறத்தின் பயனே ஆகும். கொடுத்தவர் புகழை மேடைதோறும் பேசுகிறோம். பள்ளிக்கென உதவி கேட்கும் முறையை மட்டும் மாணவர்க்குக் கற்பிப்பதில்லை. அம்முறையை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

நாம் கற்ற பாடம்

சில ஆண்டுகளுக்கு முன், கம்பம் பள்ளத்தாக்கிலுள்ள உதவிபெறும் நடுநிலைப்பள்ளி ஒன்றுக்காக அறநிலையம் ஒன்றிற்கு விண்ணப்பம் வரைந்து கொடுத்தோம். கல்வியின் பெருமையை மூன்று பக்கங்களுக்கு அடுக்குமொழியில் எழுதியிருந்தோம். அது திரும்பி வந்தது. உடன் இருந்த குறிப்பில் மூன்றே வினாக்கள்: எத்தனை பிள்ளைகள்? என்ன தேவை? எவ்வளவு செலவு?

அதன் பின்னரே பள்ளிக்குச் சென்று ஒரு நாள் முழுதும் அமர்ந்திருந்தோம். விடியுமுன் ஜீப்பேறி ஏலத்தோட்ட வேலைக்குச் செல்லும் தாய்மாரின் பிள்ளைகள், பள்ளி திறக்குமுன்பே வாயிலில் காத்திருந்தனர். கழிப்பறை இருந்தது, தண்ணீர் இல்லை. வளர்ந்த மாணவியர் நண்பகலில் வீடு சென்றால் திரும்புவதில்லை. கண்டதை ஒரே பக்கத்தில் எழுதினோம். குழாய்க்கும் தொட்டிக்கும் விலைப்பட்டியல் இணைத்தோம். உதவி கிடைத்தது. ஆயின் அதற்குள் ஓராண்டு கழிந்துவிட்டது. இடையில் நின்ற மாணவியர் இருவர் மீண்டும் வரவில்லை. நம் நடை அழகுக்கு அவர்கள் கொடுத்த விலை அது.

யாரிடம் கேட்பது?

2013ஆம் ஆண்டின் நிறுமச் சட்டப்படி, முந்தைய நிதியாண்டில் 500 கோடி ரூபாய் நிகர மதிப்போ, 1,000 கோடி ரூபாய் விற்றுமுதலோ, 5 கோடி ரூபாய் நிகர இலாபமோ எட்டிய நிறுவனங்கள், மூன்றாண்டுச் சராசரி இலாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பொறுப்புப் பணிகளுக்குச் செலவிடல் வேண்டும். கல்வி அப்பணிகளுள் ஒன்று. அந்நிதியைப் பெற்றுப் பணியாற்றும் அறக்கட்டளைகள் 2021 ஏப்ரல் முதல் அரசிடம் அதற்கெனத் தனிப்பதிவு பெற வேண்டும். அரசுப் பள்ளிகளுக்கென 2022 டிசம்பரில் 'நம்ம ஸ்கூல் நம்ம ஊருப் பள்ளி' திட்டம் தமிழ்நாட்டில் தொடங்கப்பட்டது.

வெளிநாட்டு அமைப்புகளிடம் உதவி பெற, 2010ஆம் ஆண்டின் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டப்படி பதிவோ முன் அனுமதியோ தேவை. இந்தியக் குடியுரிமையுடன் வளைகுடாவிலோ மலேசியாவிலோ உழைக்கும் நம்மூரார், தம் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியே அனுப்புவது வெளிநாட்டு நன்கொடையாகக் கொள்ளப்படாது. இவ்வேறுபாட்டை அறியாமல் அஞ்சி விலகுவோரும் உளர். அறியாமல் பெற்று இடர்ப்படுவோரும் உளர்.

எவ்வாறு எழுதுவது?

முதல் பத்தியில் தேவையைச் சொல்லுக. இரண்டாவதில் பயன்பெறும் பிள்ளைகளின் எண்ணிக்கையைத் தருக. மூன்றாவதில் செலவையும், அதில் ஊரார் ஏற்கும் பங்கையும் குறிப்பிடுக. இறுதியில், பணி முடியும் நாளையும் கணக்கு அனுப்பும் நாளையும் எழுதுக. பிள்ளைகளின் வறுமையை மிகைப்படுத்தற்க. அவர்களும் ஒரு நாள் அத்தாளைப் படிக்கக்கூடும்.

கணக்கே நன்றி

1794இல் மறைந்த பச்சையப்ப முதலியார் தம் செல்வத்தை அறத்திற்கென எழுதி வைத்தார். அது வழக்குகளில் சிக்கிக் கிடந்து, 1842இல்தான் சென்னையில் அவர் பெயரால் பள்ளி எழுந்தது. ஏறத்தாழ அரை நூற்றாண்டுக் காலம், பணம் இருந்தும் அதனால் படித்த பிள்ளை இல்லை. நல்ல மனம் மட்டும் போதாது. நிருவாகமும் கணக்கும் வேண்டும் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

பிறர் தந்த பொருள் நம் கையிலுள்ள அமானிதம். பற்றுச்சீட்டும், செலவுப் பட்டியலும், பணி முடிந்த நிழற்படமும் உரிய நாளில் போய்ச்சேர வேண்டும். மிச்சம் இருப்பின் அதனையும் தெரிவித்தல் வேண்டும். ஒரு பள்ளி கணக்குத் தவறினால், அடுத்துக் கேட்க வரும் பத்துப் பள்ளிகளுக்கும் கதவு அடைபடும்.

மாணவச் செல்வங்களே! நும் ஊர்ப் பள்ளியின் தலைமையாசிரியர் அலுவல் மிகுதியால் எழுத இயலாதிருக்கலாம். இவ்விடுமுறையில் அவரிடம் செல்லுங்கள். தேவையைக் கண்டு வாருங்கள். ஒரு பக்கம் எழுதிக் கொடுங்கள். கற்ற தமிழுக்கு அதனினும் நற்பயன் உண்டோ?