அழிக்க முடியாத செயலிகள்

கேள்வி: புதிதாக வாங்கிய ஆண்ட்ராய்டு போனில் எனக்கு வேண்டாத செயலிகளை அழிக்கவே முடியவில்லை. காசு கொடுத்தது நான், தீர்மானிப்பது வேறு யாரோ. இது நியாயமா?
– வாசகர் ஒருவர், சம்மாந்துறை

பதில்: நியாயமில்லை. இந்தியப் போட்டி ஆணையமும் 2022 அக்டோபரில் அப்படித்தான் சொன்னது. பிளே ஸ்டோர் வேண்டுமென்றால் குரோம், யூடியூப் முதலானவற்றையும் சேர்த்தே ஏற்றவேண்டும் என்று போன் தயாரிப்பாளர்களைக் கூகுள் ஒப்பந்தத்தால் கட்டிப்போட்டிருந்தது. பிளே ஸ்டோர் இல்லாத போனை யார் வாங்குவார்? 2019இல் வந்த அமெரிக்கத் தடைக்குப் பிறகு ஹுவாவி போன்கள் பிளே ஸ்டோர் இல்லாமல் சீனாவுக்கு வெளியே பட்ட பாட்டைக் கேட்டால் போன் கடைக்காரர்களே சொல்வார்கள்.

ஆணையம் விதித்த அபராதம் 1,337.76 கோடி இந்திய ரூபாய். 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இடைக்காலத் தடை தர மறுத்த பிறகே கூகுள் இறங்கி வந்தது: தயாரிப்பாளர்கள் செயலிகளைத் தனித்தனியே எடுக்கலாம், தேடுபொறியைப் பயனரே தெரிவு செய்யலாம். அந்தச் சலுகை இந்தியாவுக்குத்தான், இலங்கையில் உள்ள நமக்கில்லை.

நம் நாட்டிலும் 2003ஆம் ஆண்டின் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம், போட்டியைக் கெடுக்கும் நடத்தையை விசாரிக்க இடம் தருகிறது. யாராவது முறைப்பாடு செய்யவேண்டும். அதுவரை, அழிக்க முடியாத செயலிகளை அமைப்புகளுக்குள் போய் முடக்கிவையுங்கள்; பெரும்பாலானவை அதற்கு இணங்கும்.