நாட்டிய நாடகம் வளர்த்த ருக்மிணி தேவி

மேலை நாடுகளில் ‘ஓப்பரா’ என்றோர் இசை நாடகம் உண்டு. அதில் பாத்திரங்கள் பெரும்பாலும் பாடியே கதையை நடத்துவர். 1974-ஆம் ஆண்டு ஜெர்மனியின் வூப்பர்டால் நகரில், பீனா பௌஷ் என்னும் பெண்மணி இத்தகைய ஓப்பரா ஒன்றை நடனமாக அமைத்து மேடையேற்றினார். அதற்கு முப்பது ஆண்டுகளுக்கு முன்பே, 1944-இல், திரிகூடராசப்பக் கவிராயரின் குற்றாலக் குறவஞ்சியை நாட்டிய நாடகமாக்கியவர் ருக்மிணி தேவி அருண்டேல் ஆவார்.

நாட்டிய நாடகம் நமக்கு அந்நியமானதன்று. சேலம், நாமக்கல் வட்டாரத்துச் சிற்றூர்களில் விடிய விடிய நடைபெறும் தெருக்கூத்தை நாம் அறிவோம். பாட்டும் அடவும் வேடமும் மத்தளமும் ஒன்று கூடியே அங்கே கதை நடக்கிறது.

ருக்மிணி தேவி 1904-ஆம் ஆண்டு பிப்ரவரி 29-ஆம் நாள் மதுரையில் பிறந்தார். பதினாறு வயதில் ஜார்ஜ் அருண்டேல் என்னும் ஆங்கிலேயரை மணந்தார். அக்காலத்தில் அது பெரும் எதிர்ப்பைக் கிளப்பியது. பின்னர், புகழ்பெற்ற ரஷிய நடன மணி அன்னா பாவ்லோவாவின் நட்பு அவருக்குக் கிட்டியது. உன் நாட்டுக் கலையைத் தேடு என்று அவர் தூண்டியதன் பயனாகவே ருக்மிணி தேவியின் மனம் சதிராட்டத்தின்பால் திரும்பியது.

அந்நாளில் சதிர் ஆடுவது ‘குடும்பப் பெண்களுக்கு’ இழுக்கு எனக் கருதப்பட்டது. ருக்மிணி தேவியோ முப்பது வயதளவில் மயிலாப்பூர் கௌரி அம்மாளிடமும், பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடமும் மாணவியாக அமர்ந்தார். 1935-இல் அடையாற்றில் மேடையேறினார். மறு ஆண்டே கலாக்ஷேத்திரத்தை நிறுவினார்.

நாட்டிய நாடகத்தை இயக்குபவர் அடவுகளை அமைத்தால் மட்டும் போதாது. யார் எப்போது மேடைக்கு வரவேண்டும், எந்த வரிக்கு எந்த இராகம், எந்த வண்ணச் சேலை, எவ்வளவு வெளிச்சம் என அனைத்தையும் ஒரே மனத்தால் காணவேண்டும். ருக்மிணி தேவி இவை எல்லாவற்றிலும் கருத்தூன்றினார். ஆடுபவரின் பின்னே நின்று வாசித்த இசைக் கலைஞர்களை மேடையின் ஒரு புறத்தில் அமரச் செய்தார். ஆடைகளுக்கெனக் கலாக்ஷேத்திரத்திலேயே தறிகள் அமைத்தார். இளம்பிள்ளை, இராசிபுரம் தறியோசை கேட்டு வளர்ந்த நாம் இதன் அருமையை உணர்வோம். 1955 முதல் 1970 வரை இராமாயணத்தை ஆறு நாட்டிய நாடகங்களாக அமைத்தார். அவற்றுக்கு இசையமைக்கத் தொடங்கிய மைசூர் வாசுதேவாச்சாரியார் 1961-இல் மறைந்தபின், அவருடைய பேரர் இராஜாராம் அப்பணியை நிறைவு செய்தார்.

இவ்வளவு கூறிய நாம் மற்றொன்றையும் கூறவேண்டும். இக்கலையைத் தலைமுறை தலைமுறையாகக் காத்தவர்கள் கோயிற் பணி செய்த பெண்களும் நட்டுவனார்களுமே. ஊரார் பழித்தபோதும் அவர்கள் கலையைக் கைவிடவில்லை. கலைக்கு மதிப்பு வந்த காலத்திலோ, அக்குலப் பெண்களுள் பலருக்கு மேடை கிட்டவில்லை. ருக்மிணி தேவி நாட்டியத்தில் காதற் சுவையைக் குறைத்துப் பக்தியை மிகுவித்தார். அம்மரபில் வந்த பெருங்கலைஞர் பாலசரஸ்வதி அதனை ஏற்கவில்லை. சிருங்காரமே நாட்டியத்தின் உயிர் என்றார். இருவரும் மாமேதைகளே. ஒருவரைப் போற்றுவதற்காக மற்றவரை மறப்பது முறையாகாது.

1977-இல் பிரதமர் மொரார்ஜி தேசாய் குடியரசுத் தலைவர் பதவிக்கு நிற்குமாறு கேட்டபோது, ருக்மிணி தேவி மறுத்துவிட்டார். 1986-இல் மறையும் வரை கலைப்பணியே அவர் பணியாயிற்று. 1993-இல் கலாக்ஷேத்திரம் நாடாளுமன்றச் சட்டத்தின் வழியே தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனமாயிற்று.

தாலந்தை மண்ணில் புதைத்த ஊழியனின் உவமையை நாம் மறைக்கல்வியில் படிக்கிறோம். ஆட்டமோ பாட்டோ தையலோ, இறைவன் அளித்த திறமையை ஊர்ப் பேச்சுக்கு அஞ்சிப் புதைக்க வேண்டாம், தோழியரே! ஆண்டு விழா மேடையில் சலங்கை கட்டும்போது, வசை கேட்டும் இக்கலையைக் காத்துத் தந்த அந்தப் பெயர் தெரியாத பெண்களையும் நன்றியுடன் நினைப்போம்.