மாசியும் யப்பானியரின் மீன்சீவலும்

அம்மியில் மாசித்துண்டை வைத்துக் குழவியால் தட்டும் ஓசை கேட்டால், வட்டுக்கோட்டையிலுள்ள எங்கள் வீட்டில் அன்று சம்பல் என்று பொருள். அந்த வேலையை உம்மம்மா வேறு யாருக்கும் விடமாட்டார். சென்ற தவணை விடுமுறையில் அந்த ஓசை நின்றுபோயிற்று. உம்மம்மாவுக்குப் பிறஷர் கூடியிருப்பதால் உப்பைப் பாதியாகக் குறைக்கும்படி கிளினிக்கில் கூறினார்கள். மாசியும் கருவாடுதானே என்று உம்மா அதையும் நிறுத்திவிட்டார். உம்மா உப்பைக் குறைத்தார். உம்மம்மா சோற்றைக் குறைத்தார். "இதென்ன மகள், வெறுந்தண்ணியில அவிச்ச மாதிரி" என்று கோப்பையைத் தள்ளிவைப்பார். நாளுக்கு நாள் அவர் மெலிவதைப் பார்த்தபோதுதான், மாசி என்றால் உண்மையில் என்ன என்று தேடிப் படிக்கத் தொடங்கினேன்.

நமது கடற்கரைகளில் கருவாடு போடுபவர்கள் மீனைப் பிளந்து, உப்பிட்டு, வெயிலில் காயவைக்கிறார்கள். மாசி அப்படியல்ல. மாலைதீவில் சூரை மீனைத் துண்டாக்கி, உப்பு நீரில் அவித்து, புகையூட்டி, பின்னர் மரக்கட்டைபோல் இறுகும்வரை வெயிலில் காயவைக்கிறார்கள். அதில் சிறிது உப்பு உண்டு. ஆனால் அதைக் கெடாமல் காப்பது முக்கியமாகப் புகையும் வெயிலுமே. மாலைதீவு மொழியில் 'மஸ்' என்றால் மீன். நமது 'மாசி' அதிலிருந்து வந்த சொல். சிங்களத்தில் 'உம்பலகட' என்பார்கள்.

இது இன்று நேற்று வந்த உணவல்ல. 1343இல் மாலைதீவுக்கு வந்து அங்கே காழியாகவும் பணிபுரிந்த பயணி இப்னு பதூதா, அம்மக்கள் மீனை நான்காக வெட்டி, சற்று அவித்து, ஓலைக்கூடையில் இட்டுப் புகையில் தொங்கவிடுவதைத் தன் பயண நூலில் விவரிக்கிறார். அது இந்தியாவுக்கும் சீனாவுக்கும் யெமனுக்கும் ஏற்றுமதியானதாகவும் எழுதுகிறார். 1344இல் அவர் இலங்கைக்கு வந்து, புத்தளம் என்று கருதப்படும் துறையில் யாழ்ப்பாணத்து ஆரியச்சக்கரவர்த்தியைச் சந்தித்தார். 1990இல் யாழ்ப்பாணத்தைவிட்டு வெளியேற்றப்பட்ட பின் உம்மம்மா பல ஆண்டுகள் வாழ்ந்ததும் அதே புத்தளத்தில்தான். இதைச் சொன்னபோது, "அப்ப அவரும் மாசிச் சம்பல் திண்டிருப்பாரோ?" என்று கேட்டார். பல நாட்களுக்குப் பிறகு அன்றுதான் அவர் சிரித்தார்.

மாசிக்கு யப்பானில் ஓர் உறவு இருக்கிறது. அதன் பெயர் 'கட்சுஓபுஷி'. அதுவும் பெரும்பாலும் சூரை மீன்தான். அவித்து, முள் நீக்கி, பலமுறை புகையூட்டுகிறார்கள். உயர்ந்த வகையில் ஒரு படி கூடுதல்: அதன்மீது நல்ல வகைப் பூஞ்சணத்தை வளரவிட்டு, மீண்டும் மீண்டும் வெயிலில் வைப்பார்கள். பூஞ்சணம் மிச்ச ஈரத்தை உறிஞ்சி, கொழுப்பையும் சிதைக்கும். சில மாதங்களில் அது கல்போல் இறுகிவிடும். நாம் இடிக்கிறோம், அவர்கள் தச்சரின் சீவுளி போன்ற கருவியால் மெல்லிய சீவலாகச் சீவுகிறார்கள். சூடான உணவின்மேல் தூவினால் ஆவிபட்டு அச்சீவல்கள் நெளிந்து ஆடும். 'கொம்பு' என்னும் கடற்பாசியோடு சேர்த்து வெந்நீரில் ஊறவைத்து வடித்தால் அதுவே 'தாஷி'. யப்பானியரின் சூப்புக்கும் குழம்புக்கும் அதுதான் அடிப்படை.

அதன் சுவைக்குக் காரணம் என்ன? 1908இல் கிக்குனே இக்கேடா என்னும் யப்பானிய வேதியியல் பேராசிரியர், கொம்புப் பாசியின் சுவைக்குக் காரணம் குளுட்டமேற்று என்று கண்டு, அச்சுவைக்கு 'உமாமி' எனப் பெயரிட்டார். 1913இல் அவருடைய மாணவர் ஷிந்தாரோ கொடாமா, கட்சுஓபுஷியில் இருப்பது இனோசினேற்று என்று கண்டறிந்தார். உயர்தர மாணவிகளுக்கு இது புதிதாக இராது. மீன் இறந்த பின் அதன் தசையிலுள்ள ஏ.ரீ.பி. படிப்படியாகச் சிதைந்து இனோசினேற்றாகிறது. அப்படியே விட்டால் நொதியங்கள் அதையும் சிதைத்துவிடும். உரிய நேரத்தில் அவித்தால் நொதியங்கள் செயலிழக்கும்; சுவை தங்கிவிடும். மாசியை அவிப்பதன் இரகசியம் இதுவே. குளுட்டமேற்றும் இனோசினேற்றும் ஒன்றுசேர்ந்தால் தனித்தனியே இருப்பதைவிடப் பன்மடங்கு சுவை தரும் என்பதும் பின்னர் நிறுவப்பட்டது. பழுத்த தக்காளியில் குளுட்டமேற்று நிறைய உண்டு. நமது அடுப்படியில் கொம்புப் பாசியின் இடத்தைத் தக்காளி எடுத்துக்கொள்ளலாம்!

அடுத்த கிளினிக்கில் கேட்டோம். மாசியின் உப்பையும் சேர்த்து மொத்த உப்புக் குறைந்தால் சரி என்றார்கள். நான் இரண்டு சட்டியில் தக்காளிக் குழம்பு வைத்தேன். ஒன்று பாதி உப்பு. மற்றதில் அதைவிடச் சற்றுக் குறைவான உப்பும் ஒரு தேக்கரண்டி மாசித்தூளும். எது எதுவென்று சொல்லாமல் உம்மம்மாவிடம் கொடுத்தேன். முதலாவதைத் தள்ளிவைத்தார். இரண்டாவதை மூன்று தரம் தொட்டுப் பார்த்துவிட்டு, "உப்புக் காணாது. ஆனாத் தின்னலாம்" என்றார். கோப்பை காலியாயிற்று.

ஒரு வீட்டில் ஒருநாள் செய்த பரிசோதனை ஆராய்ச்சியாகிவிடாது. மாசி மருந்துமல்ல. அதிலுள்ள பியூரின் உடலில் யூரிக் அமிலமாக மாறுவதால் அந்த நோயுள்ளவர்கள் கவனமாக இருக்க வேண்டும். ஆனால், உப்பைக் குறைக்கும்போது சுவைக்கு வேறு வழி தேடாவிட்டால் வீட்டுப் பெரியவர்கள் சாப்பாட்டையே குறைத்துவிடுவார்கள் என்பதை நான் கண்ணால் கண்டேன். அன்புத் தோழிகளே, நாம் பாடமாக்கும் ஏ.ரீ.பி. உம்மம்மாவின் அம்மியிலும் இருக்கிறது. இப்போது எங்கள் வீட்டில் அந்த ஓசை மறுபடியும் கேட்கிறது, அல்ஹம்துலில்லாஹ். உப்புப் போத்தல் மட்டும் உம்மாவின் கையில்.